கில்டோரன் கல்லறையில் கடைசி இடம்

கில்டோரன், ஆர்கைல், ஸ்காட்லாந்து
11 பிப்ரவரி 1996

டோர்கிலுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் சாவதற்கு நான் ஒருத்திதான் பாக்கி. அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

நம் பழைய தேவாலயத்தைத் தொல்பொருள் துறை எடுத்துக்கொள்கிறது. கூரை இல்லாத நான்கு சுவர், உள்ளே கிடக்கும் செதுக்கிய கல்லறைக் கற்கள், சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம் எல்லாம் ஜூலையிலிருந்து அவர்களுடையது. அதற்குப் பிறகு அங்கே புதிதாக யாரையும் புதைக்க முடியாது. ஏற்கெனவே குடும்பத்துக்கென்று இடம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. இடத்துக்குச் சொந்தக்காரர், யாருக்காக என்று ஜூன் முடிவதற்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். நம் இடத்தில் தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா போக இன்னும் ஒரு ஆளுக்குத்தான் மண் இருக்கிறது. இடம் உன் பெயரில் இருக்கிறது. மகன் என்பதால் வந்தது. உறையில் வைத்திருக்கும் தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் மிஸஸ் பென்டிலோ. உனக்குத் தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்து பழைய பள்ளிக்கூடத்தை வாங்கிக் குடியேறியவர். வந்த இரண்டாம் மாதமே நம் ஊருக்குச் சரித்திரம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். உடனே ஒரு குழு. "இவ்வளவு இருக்கு இந்த ஊர்ல, ஒருத்தருக்கும் தெரியலையே ஊனா" என்றார். "தெரிஞ்சவங்க எல்லாம்தான் கப்பல் ஏறிப் போயிட்டாங்களே" என்றேன். கையைத் தட்டிச் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தேவாலயத்துச் சாவி என்னிடம் இருப்பதால், பயணிகளுக்கான பிரசுரத்தை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. போன கோடையில் நான் சூப்பில் கரண்டி வைக்கும்போதெல்லாம் கதவு தட்டியது. ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். "சாவி இந்த வீட்லதான்னு போர்டுல போட்டிருக்கு" என்றார் கணவர். "இந்த வீட்ல மனுஷங்க சாப்பிடுவாங்கன்னு போடலையா?" என்றேன். அந்த அம்மாள் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்றார், மழையில். அதற்குப் பிறகு உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியுமா?

பிரசுரத்தின் பிரதியும் இத்துடன் இருக்கிறது. தேவாலயம், கருங்கோட்டை, மாட்டு வியாபாரிகளின் பாலம், டூகல் வயலில் நிற்கும் கல். கருங்கோட்டையில் ஒரே ஒரு சுவர்தான் மிச்சம், அதுவும் ஆடுகள் ஒதுங்க. அதனால் "நேரமிருந்தால்" என்று போட்டிருக்கிறேன். ஏதாவது தவறு இருந்தால் சொல். நீ தவறு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்.

ஊனா


டனீடன், நியூசிலாந்து
3 மார்ச் 1996

ஊனா,

நலமா என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. சமமாகப் போயிற்று.

அந்த இடத்தை நான் தருவதற்கில்லை. அதில் நான் படுக்கப்போகிறேன். நாற்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை உனக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. நீ கடிதம் போட்டால்தானே சொல்ல முடியும்? நான் அனுப்பிய சால்வையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாய். தபால் முத்திரைக்காவது மரியாதை வைத்திருக்கலாம்.

என் மார்கரெட் போய்ச் சேர்ந்தபிறகு இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். மகள் ஹீதர் சிட்னியில். என்னை எரித்து, சாம்பலை ஒரு ரோஜாச் செடிக்குப் போடப்போகிறாளாம். "செடி நல்லா வரும்பா" என்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள். எனக்கு ரோஜாவே பிடிக்காது. பெட்டியை இங்கிருந்து ஸ்காட்லாந்துக்கு அனுப்ப முடியுமா என்று விசாரித்தேன். முடியுமாம். இந்த நாட்டு ஆட்டுக்கறி வருஷம் முழுவதும் அங்கே வந்து இறங்குகிறது, நான் ஒருவன் வர முடியாதா?

நீ அந்த ஊரிலேயே இருக்கிறாய். எங்கே புதைத்தாலும் நீ கில்டோரனில்தான் இருப்பாய். பேருந்து நிறுத்தத்துக்கு மேலே புதுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அதில் என்ன குறை? எனக்கு அந்தப் பழைய இடத்தை விட்டால் அந்த ஊரில் வேறு எதுவும் இல்லை. படகை அப்பா யாருக்குக் கொடுத்தார் என்று உனக்குத் தெரியும்.

பிரசுரம் படித்தேன். ஒரு பெரிய தவறு இருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறாய். மேட்டு ஊர் எங்கே? ஆடு மேய்க்க வேண்டுமென்று பண்ணையார் விரட்டிய பன்னிரண்டு குடும்பங்களின் வீடுகள் அங்கே கூரையில்லாமல் நிற்கின்றன. உங்களுக்கு அது வெறும் கல் குவியல், காற்றுப் படாமல் நாற்று வளர்க்கும் இடம். கோட்டையைப் பார்க்க எவனும் உலகத்தின் இந்தக் கோடியிலிருந்து வரமாட்டான். இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர், பற்பசை விற்பவர், தன் பாட்டனின் பாட்டன் எந்த அடுப்படியிலிருந்து வெளியே தள்ளப்பட்டான் என்று பார்ப்பதற்காகவே இரண்டு வருஷம் பணம் சேர்த்துப் போய்வந்தார். அந்த அடுப்படியில் ஒரு செடி முளைத்திருந்ததாம். அதைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஊரில் இருக்கிற நீங்கள் எழுதினால் போனவர்களை மறந்துவிடுகிறீர்கள்.

டோர்கில்


கில்டோரன்
18 மார்ச்

கடிதம் வந்தது. மேட்டு ஊரைச் சேர்த்துவிட்டேன். மற்றதற்கு இப்போது பதில் எழுதினால் பின்னால் வருத்தப்படும்படி எழுதுவேன். தொல்பொருள் துறையிலிருந்து ஆள் வருகிறார்கள், படுக்கையறை ஒழிக்க வேண்டும்.

ஊ.


கில்டோரன்
8 ஏப்ரல் 1996

டோர்கிலுக்கு,

இப்போது எழுதுகிறேன். வருத்தப்படுவேனா இல்லையா என்பது அனுப்பியபிறகு தெரியும்.

எடின்பரோவிலிருந்து மிஸ் ரென்னி என்று ஒரு பெண் வந்து என் வீட்டில் தங்கினாள். ஆள் ஒல்லி, ஆனால் காலையில் ஆறு துண்டு ரொட்டி. பலிபீடத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் பெரிய கல்லைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? வாள் வைத்திருக்கும் வீரன், ஏழு பேரை வெட்டியவன். அம்மா அப்படிச் சொன்னார், நானும் முப்பது வருஷமாகப் பயணிகளுக்கு அதைத்தான் சொல்லிவந்தேன். மாலை வெயில் சாய்ந்தபோது அவள் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். "இது வாள் இல்லீங்க. கத்தரிக்கோல். இதோ சீப்பு, இதோ கண்ணாடி. அந்தக் காலத்துல பெண்களோட கல்லுக்குத்தான் இதெல்லாம் செதுக்குவாங்க." நான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கத்தரிக்கோல்தான், டோர்கில். விரலால் தடவினால் இரண்டு வளையமும் தெரிகிறது. ஏழு பேரையும் எங்கே வெட்டினாள் என்று தெரியவில்லை, முடியைத்தான் வெட்டியிருப்பாள்.

ஆக அறுநூறு வருஷமாகத் தேவாலயத்தில் நல்ல இடத்தில் படுத்திருப்பவள் ஒரு பெண். நான்தான் சுவரோரம் நின்றேன்.

உனக்குப் புரியும். அப்பாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. யார் எந்தக் கயிறு என்று எண் போட்ட சீட்டை நீதான் முந்தின நாள் ஆளாளுக்குக் கொடுத்தாய். தலைமாட்டில் முதல் கயிறு உனக்கு. அதில் எனக்குக் குறையில்லை. இரண்டாவது சித்தப்பா மகன் டூகலுக்கு. படகையும் வாங்கிக்கொண்டான், கயிற்றையும் வாங்கிக்கொண்டான். அப்புறம் மதுக்கடைக்காரர். எட்டாவது கயிறு யாருக்கு? புதிதாக வந்திருந்த தபால்காரருக்கு. அவர் அப்பாவை மொத்தமாக நான்கு தடவை பார்த்திருப்பார். ஆறு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, நகம் வெட்டியவளுக்குக் கயிறு இல்லை. நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு மறக்கவில்லை. "நம்ம ஊர்ல பொம்பளைங்க குழிகிட்ட வர்றதில்லையே ஊனா. புதுசா எதுக்கு?" ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர் வழக்கம் எவ்வளவு நன்றாக நினைவிருந்தது!

அதனால் சுவரோரம் நின்றேன். அங்கே நின்றதால் ஒன்றைப் பார்த்தேன். உங்களில் யாருக்கும் தெரியாதது.

அன்று ஓடை பெருகி மேற்கு வாசலில் முழங்கால் தண்ணீர். அப்பாவை இடிந்த கிழக்குச் சுவர் வழியாகக் கொண்டுவந்தீர்கள். வழக்கம்போலக் கால் முன்னால். மேற்கு வாசல் வழியாகக் கால் முன்னால் வந்தால் கால் கிழக்கே இருக்கும், சரி. கிழக்கேயிருந்து அப்படி வந்தால்? பெட்டியைத் திருப்ப வேண்டும். திருப்பவில்லை. எட்டு ஆண்களும் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "மூணு எங்க? மூணு இந்தப் பக்கம். ஏய் டூகல், நீ ரெண்டுடா, தள்ளு." இப்படி எண்ணைச் சரிபார்த்துச் சரிபார்த்து அப்பாவைத் தலைகீழாக இறக்கிவிட்டீர்கள். பாதிரியாருக்குக் கண்ணாடியெல்லாம் மழை. குழிப் பக்கம் பேசக்கூடாத பெண்கள் வரிசைதான் பார்த்துக்கொண்டு நின்றது. பார்த்தோம். பேசவில்லை. வழக்கம்!

செத்தவர்கள் உயிர்த்தெழும் கடைசி நாளில் எல்லோரும் கிழக்கே பார்த்து எழுந்திருப்பார்களாம். அப்பா மட்டும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்திருப்பார். எதிரே மதுக்கடை வாசல்.

முதலில் இதைக் கேட்டுக்கொள், அப்புறம் படகைப் பற்றிப் பேசு. முதல் கயிற்றைப் பிடித்தவன் நீ. கடைசி இடத்தையும் நீயே வைத்துக்கொள் என்று எழுத எனக்கு மனமில்லை. எனக்கு அது வேண்டும்.

ஊனா


டனீடன்
26 ஏப்ரல் 1996

அன்புள்ள ஊனா,

தாளின் மேலே அச்சடித்திருக்கும் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே வேறு காகிதம் கிடைக்கவில்லை.

உன் கடிதத்தை ஹீதர்தான் கொண்டுவந்து கொடுத்தாள். கயிறு விஷயம் வரை கோபமாகத்தான் படித்தேன். பதிலும் மனதில் தயாராகிவிட்டது. மதுக்கடை வாசல் என்ற வரிக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் மணியை அடித்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து, "என்ன ஆச்சு, வலிக்குதா?" என்றாள். "எங்கப்பாவைத் தலைகீழா புதைச்சிட்டோம்" என்றேன். "தையல் பிரிஞ்சா நானா பொறுப்பு? சிரிக்காம படுங்க" என்று திட்டினாள். ஹீதருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குக் கயிறு, எண், கிழக்கு, மேற்கு எல்லாம் விளக்கினேன். "எட்டு பேர் இருந்தும் ஒருத்தர்கூட பெட்டியைப் பார்க்கலையா?" என்றாள். இல்லை, அம்மா. ஒருவரும் பார்க்கவில்லை. என் கண் டூகல் மேல் இருந்தது. அவன் தலைமாட்டுக்கு ஒரு அடிகூட நெருங்கிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா கோபப்பட மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோதும் கடையைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார்.

தபால்காரருக்குக் கயிறு கொடுத்ததற்கு இரண்டு பக்கம் காரணம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அத்தனையும் வழக்கம், வழக்கம் என்றே இருந்தது. கிழித்துவிட்டேன். மார்கரெட்டின் பெட்டியை இங்கே ஹீதர் முன்னால் நின்று தூக்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. அன்றைக்கே எனக்கு உன் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

படகு விஷயம். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா டூகலை வைத்துக்கொண்டே சொன்னார்: "இவன் பேசமாட்டான், வேலை செய்வான். நீ பேசுவ. பேசுறவனுக்குக் கடல் தாண்டி நிறைய ஊர் இருக்கு." அவ்வளவுதான். அடுத்த மாதம் கப்பல். உயிரோடு அந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத இடம் செத்தபிறகாவது கிடைக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது இன்னும் வேண்டும், ஊனா. வேண்டாம் என்று சொன்னால் பொய். ஆனால் உன்னைவிட எனக்கு அதிக உரிமை இருக்கிறது என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயர் எழுதவில்லை. நீயே எழுதிக்கொடு. உன் பெயரை எழுதினாலும் நான் கடிதத்தை நிறுத்தமாட்டேன்.

டோர்கில்


கில்டோரன்
12 மே 1996

அன்புள்ள தம்பி,

என்ன அறுவை சிகிச்சை, எங்கே, எதற்கு என்று எழுது. தையல் என்றால் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது சட்டைத் தையல் மாதிரி போகிற போக்கில் சொல்கிற விஷயமா? ஹீதரின் முகவரியையும் அனுப்பு. நீ எழுதாவிட்டால் அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. ஒரு வாரம் பீங்கான் அலமாரியில் இருந்தது. தினமும் என் பெயரை எழுதலாம் என்று எடுப்பேன். யாராவது சாவி கேட்டு வருவார்கள். வைத்துவிடுவேன். சாவி கேட்டு யாரும் வராத நாளிலும் வைத்துவிட்டேன்.

கடைசிக் காலத்தில் அப்பா உன்னைக் கேட்டார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அவர் கேட்கவில்லை. அதற்காக நீ வருத்தப்படாதே. என்னையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய், யாராவது இருக்கீங்களா?" என்பார், ஆறு வருஷமும் அப்படித்தான். வீட்டில் இருந்தது நான் ஒருத்தி. ஆனாலும் இருந்தேன். அவர் தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும். படகு ஓட்டும்போது பாடிய பாட்டையெல்லாம் தூக்கத்தில் முணுமுணுப்பார். இதெல்லாம் எனக்குக் கிடைத்தது. உனக்கு இது ஒன்றும் தெரியாது என்பது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அதுவரை கஷ்டப்பட்டதை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன்.

புதுக் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பார்த்தேன். இப்போதைய பாதிரியார் ஒரு பெண், இன்வர்னஸ்காரி, கூடவே வந்தாள். "இங்க பொண்ணுங்க கயிறு பிடிக்கலாமா?" என்று கேட்டேன். "கை இருக்கிறவங்க பிடிக்கலாம்" என்றாள். இடம் மோசமில்லை. பேருந்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் யாரோடு என்று எல்லாம் தெரியும். செத்தபிறகு நாலு பேரைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். பழைய இடத்தில் படுத்தால் பயணிகள் மேலே நடப்பார்கள், பக்கத்தில் அப்பா வேறு. மறுபடி "ஏய், யாராவது இருக்கீங்களா" என்றால் நான்தான் எழுந்திருக்க வேண்டும். இனி நீ எழுந்திரு.

ஆமாம், உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுபடி வந்திருக்கும் மிஸ் ரென்னியிடம் நேற்றுத் தாளைக் கொடுத்தேன். "உங்களுக்குன்னுதானே கேட்டீங்க?" என்றாள். "நான் இங்கதான் இருந்தேன். அவனுக்கு அது கிடைக்கல" என்றேன். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நல்ல பெண். உன்னைக் கால் கிழக்கே வைத்து இறக்கச் சொல்கிறேன், குடும்பத்தில் ஒருவராவது சரியாக எழுந்திருக்கட்டும். சுவரோரம் நிற்காமல் குழிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். யாராவது தடுத்துப் பார்க்கட்டும்.

இதற்காக அழுதேன் என்பதை எழுதாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மேட்டு ஊரைப் பிரசுரத்தின் முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். மிஸஸ் பென்டிலோவுக்குக் கோட்டைதான் முதலில் வரவேண்டுமாம். "ஒத்தைச் சுவர் கோட்டையைப் பார்க்க யார் வர்றாங்க? வீடு தேடித்தான் வர்றாங்க" என்றேன். குழுவில் என் பக்கம் கை தூக்கியவன் டூகல், நம்ப முடிகிறதா? பேசாமல்தான் தூக்கினான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு ஒரே ஒரு பயணம்தான், அதற்கு அவசரமில்லை. டாக்டர் விட்டதும் முதலில் டிக்கெட் எடு. கல்லறையில்தான் ஒருவருக்கு இடம், வீட்டில் இடம் இருக்கிறது. உன் அறையில் பிரசுரக் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறேன், இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். உயிரோடு வா.

உன் அக்கா
ஊனா